தலைவர் திரும்பக் கொடுத்த யுகாதி

இந்த யுகாதிக்கு இரண்டு வாரம் முன்பு எங்கள் தொழிற்சாலை நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஏறியது. இந்த வருடம் யுகாதிக்கு விடுமுறை கிடையாது. பதிலாக, தீபாவளிக்குக் கூடுதலாக ஒரு நாள். கீழே மேனேஜர் கையெழுத்து. பக்கத்திலேயே எங்கள் சங்கத் தலைவர் முனிராஜ் அண்ணன் கையெழுத்து.

நான் அந்தச் சங்கத்தின் செயலாளர். எனக்கே அப்போதுதான் தெரியும்.

கோபம் வந்ததா? அதுதான் இல்லை... நான் மதுரைக்காரன். ஓசூரிலிருந்து ஊருக்குப் போய்த் திரும்பவே ஒரு நாள் ஓடிவிடும். தீபாவளிக்கு இன்னொரு நாள் லீவு என்றால் கசக்குமா? விடுமுறையை மாற்றப் பொதுக்குழு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சங்கத்தின் விதிப் புத்தகமான பைலாவில் தெளிவாக இருக்கிறது. அந்தப் புத்தகம் என் டிராயரில்தான் கிடக்கிறது. நான் டிராயரைத் திறக்கவில்லை.

முனிராஜ் அண்ணன் பர்கூர்க்காரர். தங்கமான மனுஷர். கம்பெனி பஸ், கேன்டீனில் சூடான சாப்பாடு — எல்லாம் அவர் சண்டை போட்டு வாங்கியவை. அவரைப் போய் யார் கேள்வி கேட்பது?

மஞ்சுளா கேட்டார். அசெம்பிளி லைனில் வேலை. வீட்டில் பேசுவது தெலுங்கு. அந்த வார சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"அண்ணா, உங்களுக்குத் தீபாவளி மாதிரி எங்களுக்கு யுகாதிங்க. எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"எல்லாருக்கும் நல்லதுன்னுதாம்மா பண்ணன். நான் உங்களுக்குக் கெட்டது பண்ணுவனா?"

"பண்ண மாட்டீங்க. ஆனா தனியா கையெழுத்துப் போட உங்களுக்கு அதிகாரம் இருக்குதுங்களா?"

தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"பைலா என்னப்பா சொல்லுது?"

தப்பிக்க வழியில்லை. எடுத்து வந்து வாசித்தேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

"தெரிஞ்சே ஏம்பா முன்னாடி சொல்லல?"

"ஊருக்குப் போலாம்னு பேசாம இருந்துட்டேண்ணே."

எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் அவரும்.

மறுநாள் காலை என்னையும் இழுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். "சார், நான் போட்ட கையெழுத்து செல்லாதுங்க. ஆளுங்களக் கேக்காம போட்டுட்டன்."

மேனேஜருக்கு ஆச்சரியம். "தலைவர் கையெழுத்தே செல்லாதா?"

"தலைவர்னாலும் நான் ஒரு ஆளுதானுங்க சார்."

பொதுக்குழு கூடியது. யுகாதி விடுமுறை அப்படியே இருக்கட்டும் என்று பெரும்பாலானவர்கள் கை தூக்கினார்கள். நானும்தான்... கொஞ்சம் மெதுவாக. பண்டிகையன்று மஞ்சுளா வீட்டில் தலைவரும் நானும் பக்கத்துப் பக்கத்து இலையில் ஒப்பட்டு, அதாவது நம்ம ஊர் போளி, சாப்பிட்டோம்.

நாட்டுக்கே தலைவரானாலும் சரி, சின்ன சங்கத்துக்குத் தலைவரானாலும் சரி, எல்லை தாண்டுகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. 'இவர்களுக்கு எது நல்லதென்று எனக்குத் தெரியாதா?' — இந்த ஒரு நினைப்பு போதும். அவர் தாண்டுவது நமக்கும் வசதியாக இருந்துவிட்டால்? நாம் வாயே திறப்பதில்லை.

முனிராஜ் அண்ணன் இப்போது ரொம்ப உஷார். போன வாரம், சங்க அறைக்கு ஃபேன் வாங்கலாமா என்று கேட்கப் பொதுக்குழுவைக் கூட்டிவிட்டார். மூன்று மணி நேரம் விவாதம்.

ஜனநாயகம் என்றால் கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும்.