மூன்று மீட்டர் ஆழமுள்ள ஏரி

வகுப்பில் சீட்டுக் குலுக்கி உலக ஏரிகளைப் பங்கிட்டபோது எனக்கு விழுந்தது அர்ரே ஏரி. டென்மார்க்கிலேயே பெரியதாம். டென்மார்க் என்றால் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த வெண்ணெய் மட்டும்தான் எனக்குத் தெரியும். பக்கத்து பெஞ்சுக்காரிக்குக் காஸ்பியன் கடலே கிடைத்திருந்தது. அந்த வயிற்றெரிச்சலில், முழு மதிப்பெண் வாங்கியே தீருவது என்று உட்கார்ந்தேன்.

மறுநாள் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும். அப்பா, நாங்கள் அப்போது இருந்த அமீரகத்தின் புஜைரா துறைமுகத்தில், நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்குச் சாமான் கொண்டுபோகும் படகில் வேலை பார்த்தார். காலை பத்து மணிக்கே திரும்பியிருக்க வேண்டியவர், மதியம் இரண்டாகியும் வரவில்லை. காற்று பால்கனிக் கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அப்பாவின் ஆபீசிலிருந்து வந்த போனை எடுத்த அம்மா, "ரேடியோல பதிலே இல்லியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள். பிறகு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மக்களே, எழுதினத சத்தமா வாசி."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்தால் தூங்கப் போய்விடும் அம்மா, என் ப்ராஜெக்ட்டை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. வாசித்தேன். ஒரு காலத்தில் அது கடலோடு சேர்ந்த குடா. நிலம் மெல்ல உயர்ந்து, மணல் வந்து வாயை அடைத்து, ஏரியாகிவிட்டது. பறந்துவந்த மணல் அக்கம்பக்கத்து ஊர்களையும் மூடியிருக்கிறது. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பெருகியதால் கால்வாய் வெட்டினார்கள். விலாங்கும் நீர்க்காகமும் உண்டு.

"ஆழம் எவ்வளவு போட்டிருக்கு?"

"சராசரி மூணு மீட்டர்."

"மூணுதானா? நீந்தத் தெரிஞ்ச ஆளுக்கு அது ஒண்ணுமில்ல. இன்னொருக்க வாசி."

ஐந்து முறை வாசித்திருப்பேன். கடல் ஏரியான இடம் வரும்போதெல்லாம் தலையாட்டினாள். அதற்குள் புதிதாக ஒரு வரி எழுதியிருந்தேன். ஆழம் குறைவு என்பதால் பலத்த காற்றடித்தால் ஏரி அடிச்சேறு வரை கலங்கிவிடும்.

"அத அழிச்சிரு."

"அது முக்கியமான பாயிண்டும்மா, மார்க் போயிரும்!"

அம்மா ரப்பரைப் பிடுங்கித் தானே அழித்தாள். தாள் கிழிந்தபிறகும் அழித்துக்கொண்டிருந்தாள். எனக்கோ அழுகையும் ஆத்திரமும். அன்று அம்மாவை நான் வெறுத்தேன், உண்மையாகவே.

நாலரைக்கு அப்பா வந்தார். இன்ஜின் நின்று, ரேடியோவும் போய், வேறொரு படகு கட்டி இழுத்து வந்ததாம். புருவமெல்லாம் உப்பு. அம்மா கதவைத் திறந்துவிட்டு, அதைப் பிடித்தபடியே நின்றாள். நான்தான் ஓடிப்போய் முறையிட்டேன்.

"அப்பா, அம்மாவுக்கு ஜாக்ரஃபியே தெரியல. ஏரில காத்தே அடிக்கக் கூடாதாம், அழிச்சிட்டாங்க!"

அப்பா கிழிந்த தாளை வாங்கிப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ஈர உடையோடு அங்கேயே உட்கார்ந்து அழத் தொடங்கினார்.

என் மார்க்குக்காகத்தான் இவ்வளவு அழுகிறார் என்று எனக்கு மனசு உருகிவிட்டது.

"பரவால்லப்பா, வேற பேப்பர்ல எழுதிக்கிறேன்" என்று அவரைத் தேற்றினேன்.