ஏலாளின் முதல் திராட்சைக் குலை

மனாசே கோத்திரத்து மலைச்சரிவில் கல் பொறுக்கியே கை காய்த்துப் போனவள் ஏலாள். அவளும் புருஷன் எப்பேரும் அந்தக் கல்லிலேயே சுவர் எடுத்து, உள்ளே திராட்சை வைத்தார்கள். வைத்தவுடனே தின்ன முடியுமா? மூன்று வருஷம் தொடக்கூடாது என்பது கட்டளை. நாலாம் வருஷத்துப் பழம் ஆண்டவருக்கு. ஐந்தாவதுதான் வீட்டுக்கு. அந்த ஐந்தாவது வருஷம், குலை கறுக்கிற நேரம் பார்த்தா கொம்பு ஊதவேண்டும்? மீதியானியர் ஒட்டகமேறிக் கொள்ளையடிக்க வருகிறார்களாம்.

நம்மவருக்கு அப்போது ராஜா ஏது? கொம்புச் சத்தம் கேட்டால் வம்சம் வம்சமாகச் சண்டைக்குக் கூடுவார்கள், ஐம்பது பேருக்கு ஒரு தலைவன், அவ்வளவுதான். இவர்களுக்குத் தலைவன் செகுப். வாய் மட்டும் ஊர் அளவு.

ஏலாள் அப்பத்தைக் கட்டிக்கொண்டு புருஷன் பின்னாலேயே போனாள். அங்கே ஆண்டவருக்கு ஊழியம் செய்கிற லேவியன், சண்டைக்கு முன் கூவும் வழக்கப்படி கூவினான். "புது வீடு கட்டிக் குடிபோகாதவன், திராட்சை வச்சுப் பழம் தின்னாதவன், வீட்டுக்குப் போகலாம்!"

முதலில் நழுவியது யார்? செகுப்!

"கூரையே போடல, அதுக்குப் பேரு வீடா?" என்று ஒருவன் கத்தினான். செகுப் திரும்பிப் பார்த்தால்தானே.

எல்லாரும் எப்பேரைச் சூழ்ந்துகொண்டார்கள். "கணவாய் பூரா உனக்குத்தான் அத்துப்படி. நீ முன்னால நட, அண்ணே."

லேவியன் கூடாதென்று தலையை ஆட்டினான். "இவனும் பழம் தின்னாதவன். மனசு தோட்டத்துல கிடக்கும். தலைவனா வைக்கமுடியாது."

ஏலாளுக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் புருஷன் முகத்தைப் பார்த்தாள். வீட்டுக்கு வருகிற முகமா அது?

"தின்னுட்டார்னா?" என்று லேவியனைக் கேட்டாள்.

"அப்ப வரலாம்."

ஏலாள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "அவர் திரும்பி வரலேன்னா? கைப்பிள்ளைக்காரி நான். தோட்டத்தைக் கொத்துறதும் ஆலையில பழம் மிதிச்சு ரசம் எடுக்கிறதும் உங்க பாடு, என் மகன் ஆளாகுற வரைக்கும். ஆணையிடுங்க."

"சரி, அண்ணி."

"முணுமுணுக்காதீங்க. ஆண்டவருக்குக் கேக்கணும்."

மலை எதிரொலிக்கச் சொன்னார்கள். அவள் ஓடிப்போய் ஒரு குலையைப் பறித்து வந்தாள். எப்பேர் ஒரு பழத்தைக் கடித்ததும் முகம் கோணியது.

"புளிக்குதுடி!"

"முழுங்குங்க. முழுக் குலையும்."

அவன் தின்று முடிக்கும்வரை கூட்டமே சிரித்தது. பிறகு அவன் முன்னால் நடந்தான்.

கணவாயில் மறைந்திருந்து கல்லை உருட்டியே ஒட்டகக்காரரை ஓட்டினார்கள். எப்பேர் திரும்பினான், முழங்கால் வீங்கி, நொண்டி நொண்டி. அறுப்பு முடிந்து ஆலை நிறையப் பழம். ஏலாள் சும்மா இருப்பாளா? ஆணையிட்டவர்களைக் கூப்பிட்டாள்.

"அதான் உயிரோட வந்துட்டாரே, அண்ணி!"

"கால் வரலையே. ஏறுங்க ஆலைக்குள்ள."

ஏறினார்கள்.