பத்து நூறான மதியம்

அண்ணி கண்ணை மூடிக்கொண்டுதான் தட்டச்சு செய்வாள். காதில் ஹெட்போன், காலடியில் ஒரு பெடல். பெடலை அழுத்தினால் டாக்டரின் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் நோயாளிக்கு என்ன நோய், எந்த மாத்திரை, எவ்வளவு என்று டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டு லேப்டாப்பில் அறிக்கையாக அடித்து ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்புவது அவள் வேலை. அந்த டாக்டர்களில் ஒருவரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. குரலை வைத்து அவளே பெயர் சூட்டியிருந்தாள். மூச்சு விடாமல் பேசுகிறவர் எக்ஸ்பிரஸ். வரிக்கு வரி தொண்டையைச் சரிசெய்கிறவர் செருமல். பேசிக்கொண்டே எதையாவது மெல்லும் பெண் டாக்டர் பிஸ்கட்டம்மா.

"திரையைப் பாத்தா காது மந்தமாயிடும்" என்பாள், ஏன் கண்ணை மூடுகிறீர்கள் என்று கேட்டால்.

அவள் ஒரு காலத்தில் நர்ஸ் படிப்பில் சேர்ந்து பாதியில் விட்டவள். ரத்தம் அவளுக்குப் பயமில்லை. ஊசியில் மருந்தை ஏற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போதுதான், அளவு தப்பாக இருந்தால் என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். கொட்டிவிட்டு மறுபடி ஏற்றுவாள். மறுபடியும் பார்ப்பாள். அவள் கைக்காக வார்டே காத்துக் கிடக்கும். "நமக்கு உயிர் சரிப்படாது, காகிதம் போதும்னு ஓடி வந்துட்டேன்" என்று சிரித்துக்கொண்டு சொல்வாள், ஆனால் சொல்லும்போது விரல்களை மடக்கிக்கொள்வாள்.

நான் சில வருடங்கள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்து இறங்கியிருந்தேன். அண்ணன் வெளியூர் வேலையில் இருந்தான். கூடத்தில் என் பெட்டி இன்னும் முழுதாகப் பிரிக்கப்படாமல் கிடந்ததால் அண்ணி எனக்கு வைத்த பெயர் சூட்கேஸ்.

அன்று மதியம் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

"ஏ சூட்கேஸ், இங்க வா. இது என்ன எண்ணு, படி."

"நூறு."

"நல்லா பாரு."

"ஒண்ணு, பக்கத்துல ரெண்டு பூஜ்யம். நூறுதான் அண்ணி. என்ன ஆச்சு?"

ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்துப் பெடலை அழுத்தினாள். ஒரு செருமல். பிறகு தெளிவாக: பத்து மில்லிகிராம், இரவு உணவுக்குப் பின்.

"நான் ஒரு தடவைதான் தட்டினேன்" என்றாள் அண்ணி. "மெஷின் ஃபேன் திடீர்னு கத்திச்சு, அதான் கண்ணைத் திறந்தேன். இல்லன்னா இதையும் அனுப்பியிருப்பேன்."

இதையும். காலையிலிருந்து அவள் வரிசையாக அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போடுவார்?"

"செருமல் படிப்பார். எக்ஸ்பிரஸ் படிப்பாரா? அவருக்கு மூச்சு விடவே நேரமில்ல. வார்டுன்னா நர்ஸ் பாத்துட்டு 'என்ன சார் இது'ன்னு கேப்பா. வீட்டுல யாரு கேப்பா? காகிதத்துல என்ன இருக்கோ அதை முழுங்குவாங்க."

ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து பூஜ்யத்தைத் தட்டிப் பார்த்தோம். ஒரு தட்டுக்கு ஒரு பூஜ்யம், பக்கம் முழுக்க ஒழுங்காக விழுந்தது. லேப்டாப்பைக் கவிழ்த்து உதறினேன். ஒரு செத்த எறும்பும் கொஞ்சம் தூசியும் விழுந்தன. இந்த எறும்புதான் காரணம் என்று நம்ப எனக்கு ஆசையாக இருந்தது. அண்ணியும் நம்பப் பார்த்தாள். தட்டிக்கொண்டே இருந்தாள். மெஷின் சூடேறச் சூடேற ஓரிடத்தில் இரண்டு விழுந்தது. அப்புறம் ஒன்றும் விழவில்லை. மறுபடி இரண்டு. திரை கறுத்தது.

மறுபடி உயிர் கொடுத்தோம். அனுப்பிய அறிக்கைகள் இருக்கும் இடத்தைத் திறக்கப் போனதும் மறுபடி கறுத்தது. அடுத்த முறை அவ்வளவு தூரம்கூட வரவில்லை.

அண்ணி போனை எடுத்தாள். "ஆபீஸ்ல சொல்லிடறேன்."

"எது தப்புன்னு தெரியாம என்னத்தைச் சொல்வீங்க? எல்லாமே சந்தேகம்னு சொன்னா நாளைக்கே வேலை இல்லம்பாங்க. முதல்ல ரிப்பேர் கடைக்குப் போவோம். திறந்து பாத்துட்டுச் சொல்லலாம்."

என்னை ஒரு முறை பார்த்தாள். போனைக் கீழே வைத்துவிட்டு, லேப்டாப்பைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பினாள்.

கடை, ஒரு சலவைக் கடையின் மாடியில் இருந்தது. கடைக்காரனைத் திருகாணி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கழற்றிய திருகுகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவதால் வந்த பெயர். கதையை முழுக்கக் கேட்காமலே லேப்டாப்பை வாங்கிக் கண்ணாடி மேஜைமேல் வைத்து ஓரத்தை விரலால் லேசாகச் சுண்டினான். அது பம்பரம் மாதிரி சுற்றியது.

திருகாணி உதட்டிலிருந்த திருகுகளைக் கையில் துப்பினான். "இதை எப்படிக்கா கொண்டு வந்தீங்க?"

"கட்டிப் பிடிச்சுக்கிட்டு."

"அம்மாடி. உள்ள பேட்டரி உப்பிக் கிடக்கு. அடிவயிறு பானை மாதிரி ஆயிருக்கு, அதான் சுத்துது. உள்ளேருந்து கீபோர்டை, அந்தப் பூஜ்யம் இருக்கற இடத்துல முட்டுது. சூடானா இன்னும் முட்டும். தட்டினது ஒண்ணு, விழறது ரெண்டு. அதுவே தாங்காம அணைஞ்சும் போகுது. தட்டும்போது ஆடியிருக்குமே, கவனிக்கலையா?"

"ஆடிச்சு" என்றாள் அண்ணி. "மேஜைதான் ஆடுதுன்னு எங்க வீட்டுக்காரர் லீவுல வந்தப்ப ஒரு காலை அறுத்தார். அப்பவும் ஆடிச்சு. அடுத்த காலையும் அறுத்தார்."

"மேஜை என்னக்கா பாவம் பண்ணிச்சு?"

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். முதலில் நிறுத்தியவள் அண்ணி.

"தம்பி, எவ்வளவு நாளா இந்தப் பூஜ்யம் இப்படி விளையாடியிருக்கும்?"

"அதை நான் எப்படிச் சொல்றது? மேஜை எப்ப ஆட ஆரம்பிச்சுது?"

அண்ணி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். "மழைக்கு முன்னாடி" என்றாள்.

மழைக்காலம் வந்து, பெய்து, முடிந்தும் போயிருந்தது.

அப்போதே, அங்கேயே நின்றபடி ஆபீஸுக்குப் போன் போட்டாள். மேற்பார்வையாளர் அம்மா எடுத்தார். ஸ்பீக்கர் போடாமலே அந்தக் குரல் எங்களுக்குக் கேட்டது.

"எந்த ரிப்போர்ட்?"

"தெரியலைங்க. பூஜ்யம் வர்ற எல்லாத்தையும் பாக்கணும். மழைக்கு முன்னாடிலேருந்து."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"இது எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"மதியம்."

"இப்ப சொல்றீங்க?"

அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆமாங்க. இப்பதான் சொல்றேன்."

பழைய பதிவுகளைத் தாங்கள் எடுத்துப் பார்ப்பதாகவும், இன்றைய பதிவுகள் ராத்திரிவரை அண்ணியின் மெஷினில் மட்டுமே இருக்கும் என்பதால் உடனே சரிபார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் அந்த அம்மா சொன்னார். இன்று வீட்டுக்குப் போக வேண்டிய நோயாளிகள் காகிதத்தோடு ஏற்கெனவே போய்விட்டார்கள்.

"பேட்டரிய எடுத்துட்டா சார்ஜர்லயே ஓடும்" என்றான் திருகாணி. "ஆனா எடுக்கும்போது கிழிஞ்சா நெருப்பு. ரெண்டு பேரும் வாசலுக்குப் போங்க."

நான் போனேன். அண்ணி போகவில்லை. அவன் மணல் வாளியை அருகே இழுத்துக்கொண்டு, அடிமூடியைக் கழற்றி, பிளாஸ்டிக் பட்டையை உள்ளே விட்டு அங்குலம் அங்குலமாக நெம்பினான். அவள் ஒரு கையில் டார்ச் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் துளிகூட ஆடவில்லை. ஏதோ ஒன்று சடக்கென்றது. நான் படிக்கட்டில் பாதி இறங்கிவிட்டேன். திரும்பி வந்தபோது சின்னத் தலையணை மாதிரி ஒன்று மணலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

வேறொரு கீபோர்டைச் செருகினான். திரை வந்தது, நின்றது. அண்ணி ஒவ்வொரு பதிவாகக் கேட்டு, திரையில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டாள். எக்ஸ்பிரஸ் சரி. செருமல் சரி. இன்னொரு எக்ஸ்பிரஸ், அதுவும் சரி. எனக்கு நிம்மதி வரத் தொடங்கியபோது அவள் பெடல் இல்லாமல் விரலாலேயே பதிவை நிறுத்தினாள். பின்னால் இழுத்துக் கேட்டாள். இன்னொரு முறை கேட்டாள்.

"பிஸ்கட்டம்மா" என்றாள். "இருபதுன்னு சொல்றா. இங்க இருநூறு."

போனில் நோயாளி எண்ணைப் படித்தாள். அந்த அம்மா குறித்துக்கொண்டார். நோயாளி வீட்டுக்குப் போன் போட்டுவிட்டு அழைப்பதாகச் சொன்னார். மீதியையும் அண்ணி கேட்டு முடித்தாள். வேறு எதுவும் இல்லை. போன் வரவில்லை. நாங்கள் கூப்பிட்டபோது, "எடுக்க மாட்டேங்கறாங்க, ஆள் அனுப்பியிருக்கோம்" என்று பதில் வந்தது.

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எந்த வீட்டிலோ யாரோ ஒருவர் இரவுச் சாப்பாட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். திருகாணிதான் தண்ணீர் கொடுத்தான். அண்ணி தம்ளரைக் கையில் வைத்திருந்தாளே தவிரக் குடிக்கவில்லை.

போன் அடித்தது.

"மாத்திரை வாங்கியாச்சு, இன்னும் போடல" என்றார் அந்த அம்மா. "மக சமைச்சிட்டு இருந்தாளாம், அதான் போனை எடுக்கல. நம்ம ஆளு காகிதத்தை வாங்கிட்டார்."

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"பழசெல்லாம் இப்பதான் பாத்துட்டிருக்கோம். ரொம்ப இருக்கு. உங்க வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம். போனை மட்டும் அணைச்சு வைக்காதீங்க."

"வீட்டுக்குப் போகலாம் அண்ணி" என்றேன்.

"படிக்கட்டுல சிக்னல் போயிடும்."

"இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிஷம்."

"அந்த நிமிஷத்துல கூப்பிட்டா?"

திருகாணி கடையை மூடும் நேரம் தாண்டியிருந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவனும் உட்கார்ந்தான். அண்ணி போனை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். அது மறுபடி அடித்தது.