எண்ணெயில் தண்ணீர்

அந்தக் காரை என் வீட்டுக்காரரும் என் அண்ணாவும் சேர்ந்து வாங்கினார்கள். யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரர்கள் சாமான்களை விற்றுவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்த சமயம். சிம்லாவில் உத்தியோகம் பார்த்துவிட்டு ஊருக்குப் போவதற்காகப் பம்பாய் வந்திருந்த ஒரு துரையின் வண்டி அது. யுத்தத்துக்கு முந்தையது. பேரமெல்லாம் அண்ணாதான். "தங்கமான வண்டி மாப்பிள்ளை, கண்ணை மூடிண்டு வாங்கலாம்" என்றார். இவரும் வாங்கிவிட்டார்.

மாட்டுங்காவில் ஒரே கட்டடத்தில்தான் குடியிருந்தோம். நாங்கள் முதல் மாடி, அண்ணாவும் மன்னியும் இரண்டாவது. ஒரு வாரம் இவர், ஒரு வாரம் அண்ணா என்று முறை. இவர் செம்பூரில் கட்டட வேலை மேற்பார்வைக்குப் போவார். அண்ணாவுக்கு அம்பர்நாத்தில் ஒரு ஆலையில் வேலை. பெட்ரோல் ரேஷனில் முக்கால்வாசி நாள் ரயில்தான். மிச்ச நாளைக்குத்தான் கார்.

மழைக்காலம் முடிந்ததும் தகராறு ஆரம்பித்தது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. வண்டிக்கு அடியில் தரை உலர்ந்துதான் கிடக்கும். ஒரு சொட்டுக்கூட ஒழுகிய அடையாளம் இல்லை.

"உங்கண்ணா தண்ணி ஊத்தாமலே ஓட்டிண்டு வந்து நிறுத்திடறார்" என்று இவர் என்னிடம் சொல்வார். அடுத்த வாரம் அண்ணா அடுக்களை வாசலில் வந்து நிற்பார். "உன் ஆத்துக்காரர் வண்டியை ஓட்டறாரா, விரட்டறாரா? கொதிச்சு ஆவியாப் போறதுடி அத்தனையும்." இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். எல்லாம் என் வழியாகத்தான். நான் குழம்பைக் கிளறிக்கொண்டே இரண்டு பக்கமும் கேட்டுக்கொள்வேன்.

ஒருநாள் காலை அண்ணா என்னைக் கீழே கூப்பிட்டார். பானெட்டைத் திறந்து, எண்ணெய் அளக்கிற கம்பியை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினார். கருப்பாக இருக்க வேண்டிய எண்ணெய், பால் அதிகமாகிப்போன காபி மாதிரி வெளுத்து, நுரையோடு கம்பியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"யாரோ எண்ணெய் ஊத்தற இடத்துல தண்ணியை ஊத்தியிருக்கா. அந்த யாரோ யாருன்னு நான் சொல்லணுமா?"

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. "எந்தத் துவாரத்துல எதை ஊத்தணும்னு எனக்குத் தெரியாதா? உங்கண்ணா எங்கேயோ கலப்பட எண்ணெய் வாங்கி ஊத்தியிருக்கார். அதைக் கேளு முதல்ல."

தாராவியில் ஒரு மெக்கானிக் இருப்பதாகச் செம்பூர் லாரிக்காரர்கள் இவரிடம் சொல்லியிருந்தார்கள். அண்ணாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. "அவருக்கு வேண்டியவன்னா அவர் பக்கம்தானே பேசுவான்? நீயும் வா. அவன் சொல்றதை நீ காதால கேளு." இவரும், "ஆமாம், நீ வா. அப்புறம் நான் சொன்னா உங்கண்ணா நம்ப மாட்டார்" என்றார். அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

தோல் பதனிடுகிற வாடை மூக்கைத் துளைக்கும் இடத்தில் இருந்தது ஒர்க்ஷாப். மெக்கானிக் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். தாட்டியான உடம்பு, வெண்கலக் குரல். யார் சொல்வதையும் நம்பாத சுபாவம் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"வண்டி யாருக்குள்ளது? ரெண்டு பேருக்குமா? வெளங்கும்" என்றார். என்னைப் பார்த்து, "நீங்க எதுக்கு தாயி வந்திய?" என்று கேட்டார். சாட்சிக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

அடியில் படுத்து, எண்ணெய்த் தொட்டியின் திருகாணியை மெல்லத் தளர்த்தினார். முதலில் வந்தது சுத்தமான தண்ணீர். அதற்கப்புறம்தான் காபி நிற எண்ணெய் கொழகொழவென்று இறங்கியது.

"எண்ணெய் மேல குத்தமில்ல. தண்ணி உள்ள வந்துருக்கு. எந்த வழியாங்கதுதான் கேள்வி" என்றார்.

புது எண்ணெய் ஊற்றி இன்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கிற கேஸ்கட் தகடு எரிந்திருந்தால் தண்ணீரில் குமிழி குமிழியாகக் காற்று வருமாம். வரவில்லை. பிளக்குகளைக் கழற்றினார். எல்லாம் உலர்ந்திருந்தன; அந்த வழியாகவும் தண்ணீர் வரவில்லை. அப்படியும் திருப்தியில்லாமல் இன்ஜின் தலையான ஹெட்டையே கழற்றி, கேஸ்கட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எங்கும் பழுது இல்லை.

இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மறைக்காமச் சொல்லுங்க. யாரும் ஊத்துனியளா?"

அண்ணா இவரைப் பார்த்தார். இவர் அண்ணாவைப் பார்த்தார்.

"சரி, பக்கத்து மூடியைத் தெறந்து பாத்துருவோம். வால்வு இருக்க அறை."

"அது எதுக்கு? அதுல ஒண்ணும் இருக்காதே" என்றார் அண்ணா சட்டென்று.

அண்ணாவுக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும்? மெக்கானிக் அதைக் காதில் வாங்கவில்லை. மூடியைக் கழற்றி, உள்சுவரை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து உலர்த்தி, சாக்பீஸ் தூளை அப்பினார். இன்ஜினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிற வழியில் மேலிருந்து தண்ணீரை நிரப்பினார். பிறகு பீடி பற்ற வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பீடி முடிவதற்குள் வெள்ளைத் தூளில் மயிரிழை மாதிரி ஒரு ஈரக் கோடு தெரிந்தது. மெல்ல மெல்ல நீண்டது.

"மலையில கெடந்த வண்டியோ?"

"சிம்லா" என்றார் இவர்.

"அதான். குளிர்ல உள்ள தண்ணி ஐஸாயி, இரும்பை வெடிக்க வச்சுருக்கு." தூளைத் துடைத்துவிட்டு விரிசலை நகத்தால் சுரண்டினார். "என்னத்தையோ பூசி அடைச்சுருக்கான். ஆனா இங்க பாருங்க, ரெண்டு பூச்சு இருக்கு. கீழ உள்ளது பழசு, கருத்துப் போச்சு. மேல உள்ளது புதுசு. எண்ணெய்க் கறைகூடச் சரியா ஏறல."

"துரை விக்கறதுக்கு முன்னாடி மறுபடி பூசியிருப்பான்" என்றார் இவர்.

"ஆமாம், ஆமாம். அவனேதான்" என்றார் அண்ணா.

அந்த இரண்டாவது 'ஆமாம்' என்னை வீடு வரைக்கும் விடவில்லை. மறுநாள் மத்தியானம் மாடியேறிப் போனேன். மன்னி கோவிலுக்குப் போயிருந்தாள். அண்ணா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் புதுப் பூச்சு யார் பூசினது அண்ணா?"

எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "வாங்கின புதுசுல அம்பர்நாத் போறச்சே எண்ணெய் இதே மாதிரி வெளுத்துது. தாணேல ஒருத்தன்கிட்டக் காட்டினேன். அவன்தான் விரிசல்னான். பூசச் சொன்னேன். தங்கமான வண்டின்னு மாப்பிள்ளைகிட்டச் சொன்னது நான்தானே? எந்த மூஞ்சியோட போய்ச் சொல்றது?"

"அப்புறம் எதுக்கு அவர் மேல பழி போட்டே?"

"பூச்சு விட்டுப்போயிருக்கும்னு எனக்குத் தோணவே இல்லைடி. அவர்தான் ஏதோ பண்ணிட்டார்னு நம்பினேன்." குரல் இறங்கிவிட்டது. "அப்படி நம்பறது சௌகரியமா இருந்தது."

"நீயே அவர்கிட்டச் சொல்லிடு. நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

சாயங்காலம் வந்து சொன்னார். இவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே கேட்டார்.

"துரைகிட்ட வாங்கறச்சேயே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. குழந்தைகள் மேல சத்தியமா."

"சரி" என்றார் இவர். அவ்வளவுதான். என்னைக் காபி கொண்டுவரச் சொன்னார். இரண்டு பேரும் குடித்தார்கள். அண்ணா மாடியேறிப் போன பிறகு, "உங்கண்ணா சொல்றது நிஜமா இருக்குமா?" என்று என்னைக் கேட்டார்.

உடனே 'ஆமாம்' சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. "தெரியலை" என்றேன். கூடப் பிறந்தவரைப் பற்றி அப்படிச் சொல்ல நேர்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

மெக்கானிக் விரிசல் நெடுகத் துளை போட்டு, பக்கத்தில் பக்கத்தில் செம்புத் திருகாணிகளை முடுக்கி, தட்டிச் சமமாக்கிக் கொடுத்தார். வண்டி அதற்கப்புறம் பல வருஷம் ஓடியது. எண்ணெய் ஒருநாளும் வெளுக்கவில்லை.

தன் முறை வந்தாலும் அண்ணா சாவியைக் கேட்பதில்லை. ரயிலிலேயே அம்பர்நாத் போய் வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சயான் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது இவரே மாடிப்படியடியில் நின்று கூப்பிடுவார். அண்ணா இறங்கி வந்து, முன் சீட்டு காலியாக இருந்தாலும், பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.