பட்ஜெட்டை நம்பி அறுத்த பாவு

எண்பதுகளில் எங்கள் ஆரணி டீக்கடையில், முன்பு டெல்லியில் நிதி அமைச்சராக இருந்தவர் பிரதமராகத் தகுதியானவரா என்று யார் பேச்செடுத்தாலும் எனக்கு வயிறு எரியும்.

அதற்குச் சில வருஷம் முன்பு ஒரு மாலையில் அவருடைய பட்ஜெட்டை ரேடியோவில் கேட்டேன். பட்டு நூலுக்கு வரி குறைகிறதாம். சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. முதலாளி கொடுக்கிற பாவு நூலைக் கூலிக்கு நெய்தது போதும், இனி நானே நூல் வாங்கி அகலக்கரைப் புடவை நெய்வேன் என்று முடிவு கட்டினேன். மனைவி அப்போது பக்கத்துத் தெரு வீட்டில் நூல் சுற்றப் போய்க்கொண்டிருந்தாள்.

"இனிமே நீ அடுத்தவன் வீட்டுப் படி மிதிக்க வேணாம்" என்று அவளுக்குப் பெரிய மனுஷன் மாதிரி வாக்குக் கொடுத்தேன்.

தறியில் நீளவாட்டில் கட்டுகிற நூல்தான் பாவு. ஒரு பாவு தீரும்போது அதன் கடைசி இழைகளை அப்படியே விட்டு வைப்போம். புதுப் பாவை இழை இழையாக அதோடுதான் பிணைக்க வேண்டும். புதுப் பாவு கைக்கு வராமல் எவனும் பழையதை அறுக்க மாட்டான். நான் மறுநாள் காலையிலேயே அறுத்தெறிந்தேன், மடையன். முதலாளியிடமும் போய், "உங்க பாவு வேணாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் நூல் கடைக்குப் போனேன். கடைக்காரர் சிரித்தார்.

"வரி கொறைஞ்சிச்சு, சரி. நூலு எங்கப்பா கீது? பழைய வெலைக்கு வாங்கனத மொத்த யாவாரிங்க நஷ்டத்துக்கு விப்பாங்களா? எல்லாம் உள்ள வெச்சிகினு கீறாங்க."

மாதக்கணக்கில் தறி மொட்டையாக நின்றது. முதலாளி என் பாவை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார். கடைசியில் தறியைக் கழற்றி விறகு விலைக்கு விற்றுவிட்டு, ஊரான் தறியில் போய் உட்கார்ந்தேன்.

அதே அமைச்சரைத்தான் சில வருஷம் கழித்து டீக்கடையில் ஒருவன், "கை சுத்தமான ஆளுப்பா, நாட்டையே குடுக்கலாம்" என்றான்.

எனக்கு வந்ததே கோபம்! "கை சுத்தமா இருந்தா போதுமா? வரிய கொறைச்சாரே, ஆரணியில ஒரு தறிக்காவது நூலு போச்சான்னு திரும்பிப் பாத்தாரா? அவரு கையில நாட்ட குடுக்கறதா?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே கேட்டாள்.

"அவரு டெல்லியில கீறாரு, பாக்கல. நூல் கடை நம்ம தெரு முனையில கீது. பாவ அறுக்கறதுக்கு முன்ன ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்தீங்களா நீங்க?"

பதிலுக்குக்கூட நிற்கவில்லை. அதே பக்கத்துத் தெரு வீட்டுக்கு நூல் சுற்றக் கிளம்பிவிட்டாள்.