ஆண்டவருடைய அரிசியைத் தின்றவன்

நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பம்பாய்த் தாராவியில் கால் நீட்டிப் படுக்க முடியாத ஒரு கோலியில், ஒற்றை அறையில், இறங்கி, எண்ணெய் டின் கார்கானா வைத்தேன். ஓட்டல்காரர்கள் தள்ளிவிடும் பழைய டின்னை வாங்கிக் கழுவி, நசுங்கலைத் தட்டி எடுத்து, புதுசுபோல ஆக்கி விற்கிற தொழில். மழைத் தண்ணீர் இடுப்பளவு நின்ற வருஷத்திலும் பட்டறையை மூடவில்லை. கோலிக்கு மேல் ஒரு மாடி, அதற்கு மேல் இன்னொரு மாடி, ஏறிப்போக இரும்பு ஏணி, எல்லாம் நான் நின்று கட்டியது. மகளைக் காலேஜ் வரை படிக்க வைத்தேன். இன்றைக்கு அவள் சான்பாடாவில் லிஃப்ட் உள்ள கட்டடத்தில் இருக்கிறாள். எங்கள் சபைக் கோயிலின் தகரக் கூரையை மாற்றியபோது உச்சியில் ஏறி நின்றதும் நான்தான். யாரிடமும் ஒரு வேளைச் சோறு சும்மா வாங்கித் தின்றதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னால்தான் என்ன?

போன மழைக்காலம் முடிகிற சமயம் என் மனைவி இறந்துபோனாள். காலையில் துணி காயப்போட ஏறினவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏணிப்படியில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்ததும் மகள் தன்னோடு வரச் சொன்னாள். போகவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து வந்த சாப்பாட்டை மூன்றாம் நாளோடு நிறுத்தச் சொன்னேன். ஞாயிறு ஆராதனைக்கும் போகவில்லை. வீட்டில் ஜெபம் பண்ண வந்த சபைப் போதகர் ஐயரிடம், "நாப்பது வருஷம் ஆண்டவருகிட்ட கேட்டாச்சு ஐயரே, அவரு செஞ்சது இதுதான். இனி கேக்க ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நானே பொங்கித் தின்றேன். எங்கள் வீட்டில் பருப்பு, புளி, அரிசி எல்லாம் என் கார்கானா டின்னில்தான் இருக்கும். ஒரே அளவு, ஒரே மூடி. எதில் எது என்று அவளுக்குத்தான் தெரியும். சமையல் மேடைக்குக் கீழே ஒரு டின்னில் அரிசி இருந்தது, எடுத்துப் பொங்கினேன். பாதி குழைந்தது, பாதி விறைத்து நின்றது. தினமும் இதே கதை. பொறுக்க முடியாமல் அரிசிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எங்கள் ஜில்லாவைச் சேர்ந்த பாய்.

"பாய், அரிசியில கலப்படம் பண்ணுதீரோ?"

"நல்லா கேட்டீரு அண்ணாச்சி. ஒம்ம வீட்டம்மா புழுங்கல் தனியா, பச்சரிசி தனியா, இட்லி அரிசி தனியா பாத்து வாங்கும். ஒரு கல்லு கெடந்தா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிரும். அதுகிட்ட கலந்து குடுத்துட்டு நான் தாராவியில கடை நடத்த முடியுமா?"

திரும்பி வந்து அதே டின்னிலிருந்து எடுத்துப் பொங்கினேன்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை காலையில், சபைக்குக் கைப்பிடி அரிசி சேர்க்கிறவள் வந்தாள். தாராவியிலேயே லேபர் கேம்ப் பகுதியில் இட்லிக் கடை வைத்திருக்கும் விதவை. என் மனைவிக்கு நெருங்கின சிநேகிதி. எங்கள் சபைப் பெண்கள் ஒவ்வொரு வேளையும், அன்றைக்கு எந்த அரிசியானாலும், களையுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டுவைப்பார்கள். மாதம் ஒருமுறை அதைச் சேர்த்து, படுக்கையில் கிடக்கிறவர்கள், வேலை போனவர்கள் வீட்டுக்குப் பங்கிடுவார்கள். ஆண்கள் கவனிக்கிற சமாச்சாரம் அல்ல.

"அக்கா வச்சது இருக்கும்லா அண்ணாச்சி, எடுத்துட்டுப் போறேன்" என்று குனிந்து டின்னைத் திறந்தாள். அடியில் இரண்டு பிடி கிடந்தது.

"என்ன இது, எலியா?"

"எலி இல்ல. நான்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆண்டவரு அரிசியவா பொங்கித் தின்னிய? பம்பாய்க்கே டின்னு தட்டிக் குடுத்தவருக்கு வீட்டு டின்னு தெரியலியே."

செல்போனை எடுத்தேன். "இருபத்தஞ்சு கிலோ மூட்டை இப்பமே இறக்கச் சொல்லுதேன். கொண்டு போம்மா."

"மூட்டைய யாரும் குடுப்பாவ. இது அப்படி இல்ல." தரையில் உட்கார்ந்தாள். "ஒவ்வொரு பிடி போடும்போதும் அக்கா ஒரு ஜெபம் சொல்லும். பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன். 'இதத் திங்கப்போறது யாருன்னு எனக்குத் தெரியாது ஆண்டவரே, ஒமக்குத் தெரியும். அவுகளத் தனியா விட்றாதேயும்.' இவ்வளவுதான்."

நான் டின்னைத் தூக்கி அவள் பக்கம் வைத்தேன்.

"அக்காவுக்குத் தெரியாது, ஆண்டவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த இரண்டு பிடியையும் பையில் தட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் ஆராதனைக்குப் போனேன். மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்று சின்ன வயதிலிருந்து சபையோடு சேர்ந்து வாயால் சொல்லிவந்தவன்தான். எனக்கு வேண்டிய ஒரு ஆளை நினைத்து அதைச் சொன்னது அன்றைக்குத்தான். அவளைத் திரும்பப் பார்ப்பேன் என்று நம்புகிறேன். அழுகை நின்றுவிடவில்லை. அழுதுவிட்டு வேலைக்குப் போக முடிகிறது.

இப்போது அரிசி களையுமுன் நான் ஒரு பிடி எடுத்துப் போடுகிறேன். சொந்தமாக ஜெபம் சொல்ல எனக்கு வராது. அவள் சொன்னதையே சொல்கிறேன். சபையில் காணிக்கைப் பட்டியல் வாசிக்கும்போது, என் மனைவியின் ஞாபகார்த்தமாக அரிசி என்று வாசிக்கிறார்கள். சரி, ஞாபகம் அவளுடையது. பிடி எடுக்கிற கை யாருடையது? எங்கள் சபையில் கைப்பிடி அரிசி போடும் முதல் ஆண்பிள்ளை நான். ஐயரிடம் இரண்டு தடவை சொன்னேன், சிரிக்கிறார். அதனால் சபையாரிடம் எழுத்திலேயே கேட்கிறேன்: அடுத்த மாதம் அவள் பேரோடு, "கணவர் கையால்" என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.