ஊசி காய்ந்திருக்க வேண்டும்

வெடிச்சத்தத்துக்கு நான் பயப்படுவதில்லை. மற்ற எல்லாத்துக்கும் பயம். காஸை நிப்பாட்டினேனா, றூமைப் பூட்டினேனா, விசா புதுப்பிக்கிற நேரத்தில் எனக்குப் பொறுப்பு நிற்கிற கபீல் மனம் மாறிவிடுவாரா என்று வேலைக்குப் போகிற பஸ் முழுக்க யோசித்துக்கொண்டே இருப்பேன். ஆனால் வேலை செய்கிற இடத்தில் விடிந்தால் பொழுதுபட்டால் வெடிதான். அதற்கு மட்டும் என் நெஞ்சு அசையாது.

அல் குசைஸில் இருந்து பாலைவனப் பக்கமாகப் போனால் ஒரு துப்பாக்கி சுடும் கிளப் வரும். அங்கே சுட்டு முடிந்த பிறகு நிலத்தில் கிடக்கிற வெறும் ரவைக் கோதுகளைக் கூட்டி அள்ளுவதும், ஓட்டை விழுந்த கடதாசி இலக்குகளைக் கழற்றிப் புதிசு மாட்டுவதும் என் வேலை. காதுமூடியைப் போட்டுக்கொண்டு பின்சுவரில் சாய்ந்தால் நித்திரைகூட வரும். யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். விட்டதற்குக் காரணமும் இந்தச் சத்தம்தான். அதே சத்தத்தைக் காசு கட்டிக் கேட்க ஆட்கள் கார் ஓடி வருகிறார்கள் என்பது வந்த புதிதில் எனக்குப் பெரிய புதினமாக இருந்தது.

வருகிறவர்களில் ஒரு மேடம். இந்த அரபு நாட்டுக்காரி, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவ. இரண்டு வருசமாகக் கிளப்பின் துப்பாக்கியால் சுட்டுப் பழகினவவுக்கு, இந்த வருசம் தகப்பன் சொந்தமாக ஒரு பிஸ்டல் வாங்கிக் கொடுத்திருந்தார். தகப்பன் கோர்ஃபக்கான் கடற்கரையில் வள்ளம் வைத்திருந்த மனுசன். மகள் சுடுகிற நாட்களில் ஊன்றுகோலோடு கூட வந்து, கண்ணாடிக்குப் பின்னால் கதிரையில் இருந்து பார்ப்பார். சனிக்கிழமை கிளப்பின் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கிற போட்டி. நாலு பேரை எடுப்பார்கள். பெயர் கொடுக்கும்போதே துப்பாக்கியின் நம்பரையும் கொடுக்க வேண்டும், பிறகு மாற்ற ஏலாது. மேடம் புதுப் பிஸ்டலின் நம்பரைக் கொடுத்திருந்தா.

வியாழன் பின்னேரம் அந்தப் பிஸ்டல் வெடிக்கவில்லை.

சில ரவைகள் ஒழுங்காகத்தான் போனது. அடுத்ததுக்கு விசையை இழுத்தா. டிக். அவ்வளவுதான். நான் விளக்குமாற்றோடு பின்னால் நின்றவன், அடுத்த நொடி நெஞ்சு நிலத்தில் பட விழுந்து கிடந்தேன். யாரும் தள்ளவில்லை, நானாகத்தான் விழுந்தேன்.

"ஹோல்ட்!" என்று கத்தினான் தம்பி. தம்பி என்று நான் சொல்கிறது, இந்தியப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த வேலூர்க்காரனை. துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிறதும், சுடுகிறவர்களுக்குக் கட்டளை சொல்கிறதும் அவன்தான். அவன் சத்தம் போட்டதும் எல்லாரும் சுடுவதை நிறுத்திவிட்டார்கள். வெடிக்காத ரவை சில நேரம் பிந்தி வெடிக்குமாம். அதனால் துப்பாக்கியைத் திருப்பவும் கூடாது, திறந்து பார்க்கவும் கூடாது. இலக்கைப் பார்த்தபடியே அரை நிமிடம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

நான் கிடந்த இடத்தில் இருந்து அவவைத்தான் பார்த்தேன். நீட்டின கை நீட்டினபடி. கறுப்பு அபாயாவின் கைமடிப்புக்கூட அசையவில்லை. உள்ளே ஒரு வெடி வெளியே வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது, அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனுசி மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறா. கோயிலில்கூட நான் அப்படி ஒரு அமைதியைக் கண்டதில்லை. எனக்கென்றால் அரை நிமிடத்தில் அரை ஆயுள் போயிருக்கும்.

ரவையை வெளியே எடுத்து மணல் வாளியில் போட்ட பிறகு தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். "இன்னாண்ணா, டமால் டமால்னு வெடிக்கறப்போ தூங்கற. ஒரு டிக்குக்குப் போயி பல்லி மாதிரி ஒட்டிக்கினு கீற?"

"தம்பி, எங்கடை ஊரிலை வெடிச்சா வெடிச்சதுதான், அது முடிஞ்சுது. வெடிக்காமல் கிடக்கிறதுக்குத்தான் பயப்பிட வேணும்."

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். பிறகு கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

ரவை நிரப்பின அடுத்த மகசீனிலும் இரண்டு டிக். இந்த முறை நான் விழவில்லை, குந்தினேன். ரவைப் பெட்டியைக் கவுண்டரில் இருந்து தூக்கி வந்தது நான். ரவைதான் பழுது என்றால் முதலில் யாரைக் கேட்பார்கள்? தம்பி அதே பெட்டியில் இருந்து ரவைகளை எடுத்துக் கிளப்பின் பிஸ்டலில் போட்டுச் சுட்டான். எல்லாம் வெடித்தது. வேறு கம்பனி ரவையை மேடத்தின் பிஸ்டலில் போட்டான். அதிலும் டிக். எனக்கு மூச்சு வந்தது, மேடத்துக்கு முகம் விழுந்தது. பழுது பிஸ்டலில்தான்.

தம்பி வெடிக்காத ரவை ஒன்றையும் வெடித்த கோது ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். ஒவ்வொன்றின் அடியிலும் நடுவில் ஒரு சின்ன வட்டம். விசையை இழுத்தால் உள்ளே இருக்கிற ஊசி பாய்ந்து அந்த வட்டத்தில் குத்தும், அதில்தான் வெடி பிடிக்கும். வெடித்ததில் குழி ஆழமாக இருந்தது. வெடிக்காததில் நகம் பட்ட மாதிரி ஒரு தடம் மட்டும்.

"ஊசி குத்துது, ஆனா வேகமில்ல. உள்ள எதுவோ அதைப் புடிச்சிக்குது" என்றான்.

வேலை மேசையில் பிஸ்டலைப் பிரித்தான். ஊசி ஓடுகிற குழாய்க்குள் பஞ்சு சுற்றின குச்சியை விட்டு எடுத்தான். பஞ்சு கறுப்புப் பசையாக வந்தது. எண்ணெயும் பாலைவனத் தூசியும் குழைந்த பசை. மோந்து பார்த்துவிட்டு என்னிடம் தமிழில் மெதுவாகச் சொன்னான்: "கம்பெனியில பூசி அனுப்பின கிரீஸ் இல்லண்ணா இது. யாரோ டெய்லி எண்ணெய் ஊத்தியிருக்காங்க. வெளிய பூசலாம், தப்பில்ல. இந்த ஊசி மட்டும் காஞ்சி இருக்கணும்."

தையல் ஊசியைவிடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான் அது. ஊர்களைக் காலி பண்ணின, என்னைப் பள்ளிக்கூடத்தில் இருந்து எழுப்பின அந்தப் பெரிய சத்தமெல்லாம் இப்படி ஒரு கம்பி காய்ந்து இருக்கிறதில்தான் நின்றதா? இரண்டு சொட்டு எண்ணெய் போதுமா அதை ஊமையாக்க? நான் அதைப் பார்த்தபடியே நின்றேன்.

தம்பி மேடத்துக்கு ஆங்கிலத்தில் விசயத்தைச் சொன்னான். அவ கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற தகப்பனைத்தான் பார்த்தா. தங்கள் வீடு கடலுக்குப் பக்கம், கதவுப் பிணைச்சல்கூடத் துருப்பிடிக்கும், தொழுகை முடித்து ஒவ்வொரு பின்னேரமும் அவர்தான் பிஸ்டலுக்கு எண்ணெய் போடுவார் என்றா.

"அப்பாகிட்ட கம்பெனி கிரீஸ்னு சொல்லிடலாம் மேடம். நான் சுத்தம் பண்ணித் தர்றேன்" என்றான் தம்பி ஹிந்தியில். நானும் "அச்சா, அச்சா" என்று தலையை ஆட்டினேன். வயதான மனுசன், கோபம் வந்தால்? கிளப் முதலாளியோடு சலாம் சொல்லிக் கதைக்கிறவர். எங்கள் இரண்டு பேருடைய பெயரும் அடிபட எவ்வளவு நேரம்?

மேடம் சொன்னா: "அப்படிச் சொன்னால் இன்றைக்கு இரவும் எண்ணெய் போடுவாரே. நாளைக்கும் போடுவார்."

அது எங்கள் இரண்டு பேருடைய மண்டைக்கும் ஓடவில்லை.

அவ ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் திறந்து போனா. கூப்பிட்டால் ஓட வசதியாக நாங்கள் வாசலில் நின்றோம். அவ தகப்பனின் உள்ளங்கையை விரித்து ஊசியை வைத்தா.

கிழவர் விரலால் உருட்டினார். விரல் கறுத்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். தன் எண்ணெயின் வாசம் அவருக்குத் தெரியாதா? நான் உள்ளுக்குள் எல்லாக் கடவுளையும் கூப்பிட்டேன். அவர் மகளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு தன் வெள்ளைத் தலைத் துணியின் ஒரு மூலையை இழுத்து, அந்த ஊசியைத் துடைக்கத் தொடங்கினார். கறுப்பு போகும் மட்டும் துடைத்தார். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு இன்னொரு முறை துடைத்தார்.

எங்களுக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ, ஹிந்தியில் சொன்னார்: "கடலுக்குப் பயந்தேன்."

மகளின் கையில் ஊசியைத் திருப்பி வைத்து, "கலாஸ்" என்றார், முடிந்தது என்று அர்த்தம்.

பயந்து பயந்தே பிழை விடுகிற ஆள் நான் ஒருவன் மட்டும் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். ஆனால் தன் பிழையைக் கையில் வாங்கி, மோந்து, எல்லார் முன்னாலும் துடைத்துக் கொடுக்க எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. நான் என்றால் முதலில் தூசியைக் குற்றம் சொல்லியிருப்பேன்.

கிழவருக்கு எண்ணெய் எங்கே பூசலாம் என்றும் காட்டிவிட்டுத் தம்பி குழாயைக் காயவைத்துப் பூட்டிக் கொடுத்தான். மேடம் சுட்டா. ஒவ்வொரு வெடிக்கும் கிழவரின் ஊன்றுகோல் நிலத்தில் மெல்லத் தட்டியது. மகசீன் மகசீனாகப் போனது, டிக் என்று ஒன்றுமில்லை. நான் நிமிர்ந்தே நின்றேன். தம்பி திரும்பி, "இன்னாண்ணா, இன்னிக்கு விழலியா?" என்றான். "வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்" என்றேன்.

சனிக்கிழமை போட்டி தொடங்க முதல் கிழவர் என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார். சட்டைப் பையில் இருந்து ஒரு சின்ன எண்ணெய்ப் போத்தலை எடுத்து என் கையில் வைத்தார்.

"இதை நீ வைத்திரு. என்னிடம் இருந்தால் கை சும்மா இராது."

போட்டி முடியும் வரை அது என் காற்சட்டைப் பைக்குள் இருந்தது. மூடி இறுக்கமா, கசியுதா என்று நான் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில், மேடம் சுட்டதை ஒழுங்காகப் பார்க்கவில்லை. காதால்தான் கேட்டேன். ஒரு இடத்திலும் சத்தம் தவறவில்லை.

மேடம் நாலாவதாக வந்தா. நாலு பேர்தானே வேணும். தம்பி கையைத் தூக்கிக் கத்தினான், கட்டளை சொல்கிறவன் அங்கே அப்படிக் கத்தக்கூடாது. கிழவர் எழும்பி என்னிடம் வந்து கையை நீட்டினார். போத்தலைக் கொடுத்தேன். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, நான் ஏதோ கேட்டுவிட்ட மாதிரி விரலை ஆட்டிச் சொன்னார்:

"வெளியே மட்டும்."